வேலூர் ஏன் வளர்கிறது? காரணத்தைக் கண்டறிந்து நகரத் திட்டத்தில் சேர்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

ஊர் வளர்ந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். திட்டம் போடுகிறவருக்கு அந்த ஒரு வரி போதாது. யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள், எத்தனை நாள் இருப்பார்கள் என்று தெரிந்தால்தான் எந்தத் தெருவுக்கு எவ்வளவு தண்ணீர், எந்தச் சாலைக்கு எவ்வளவு அகலம் என்று முடிவு செய்ய முடியும். சிகிச்சைக்கு வந்து இருபது நாள் தங்குகிறவர், நாலு வருஷம் படிக்க வந்தவர், மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியவர் ஆகிய மூவரும் தலைக்கணக்கில் ஒவ்வொருவர்தான். ஆனால் குழாயில், சாக்கடையில், சாலையில் அவர்கள் வைக்கும் சுமை வேறு வேறு. காரணத்தைப் பிரிக்காமல் மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்துப் போட்ட திட்டம் தவறான தெருவில் குழாயைப் பதிக்கும்.

வார்டு கமிட்டி, ஏரியா சபை உறுப்பினர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தினர், நகரமைப்பு படிக்கும் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது. நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு வார்டை மூன்று மாதத்தில் முடித்துவிடலாம். வார்டு வரைபடம், கிராம வரைபடம், கூகுள் எர்த் ஓடும் ஒரு கணினி, 30 மீட்டர் டேப், கோடு போட்ட நோட்டு இருந்தால் போதும்.

1. எல்லையை முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான ஆய்வுகள் தடுக்கி விழுவது இந்த முதல் படியில்தான். வேலூர் நகராட்சி 2008 ஆகஸ்ட் 1 அன்று மாநகராட்சி ஆனது. சத்துவாச்சாரி, தாராபடவேடு முதலான அண்டை ஊர்கள் 2011-இல் இணைந்தன. இன்று 60 வார்டு, 4 மண்டலம், சுமார் 88 சதுர கிலோமீட்டர். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணையில் வேலூருக்கு நேராக இருப்பது பழைய எல்லைக்குள் இருந்த சுமார் 1.86 லட்சம் பேர். சுற்றுப்புறத்தையும் சேர்த்த நகரத் தொகுதிக்கு அதே ஆண்டில் சுமார் 4.8 லட்சம். ஒரு தாளில் முதல் எண்ணையும் இன்னொரு தாளில் இரண்டாவது எண்ணையும் எடுத்து ஒப்பிட்டு, ஊர் இரண்டரை மடங்கு பெருகிவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். பெருகியதில் பெரும்பகுதி கோடுதான்.

மாவட்டக் கணக்கிலும் இதே கண்ணி உண்டு. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. எஞ்சிய வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆகவே 2011-இன் "வேலூர் மாவட்டம்" என்ற எண்ணுக்குள் அரக்கோணமும் வாணியம்பாடியும் உட்கார்ந்திருக்கின்றன.

செய்ய வேண்டியது: ஒரே வரைபடத்தில் மூன்று நிறத்தில் மூன்று கோடு போடுங்கள். மாநகராட்சி எல்லை ஒன்று. நகரமைப்புத் திட்டம் தயாரிக்கும் அரசு அமைப்பான உள்ளூர் திட்டக் குழுமத்தின் திட்டப் பகுதி எல்லை இரண்டாவது. கட்டடங்கள் உண்மையில் எதுவரை போயிருக்கின்றன என்பது மூன்றாவது. மூன்றாவது கோட்டுக்கு கூகுள் எர்த்தில் பழைய படங்களைக் காட்டும் வசதியைத் திறந்து, ஐந்தைந்து வருஷ இடைவெளியில் கூரைகள் இருக்கும் பரப்பைச் சுற்றி வரையுங்கள். அது மாநகராட்சிக் கோட்டைத் தாண்டும் இடங்களில்தான் அடுத்த பத்தாண்டுச் சிக்கல் விளைகிறது. அங்கே சாலை போட ஊராட்சிக்குப் பணம் இருக்காது, மாநகராட்சிக்கு அதிகாரம் இருக்காது.

2. வளர்ச்சியை மூன்றாகப் பிரியுங்கள்

நகர மக்கள்தொகை மூன்று வழியில்தான் கூடும்: பிறப்பு இறப்பைவிட அதிகமாவது, வெளியூரிலிருந்து வருவது, கிராமமாக இருந்த இடம் நகரம் என்று பெயர் மாறுவது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு சராசரிக் குழந்தைகள் 1.8 என்று 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. மக்கள்தொகை குறையாமல் நிற்கவே 2.1 வேண்டும். ஆகவே பிறப்பை முதல் காரணமாகக் காட்டும் அறிக்கையை நம்ப வேண்டாம். பழைய எல்லைக்குள் 2001-இல் சுமார் 1.77 லட்சம் பேர் இருந்தார்கள். பத்து வருஷத்தில் கூடியது ஐந்து சதவீதம் அளவுதான். ஊரின் நடுப்பகுதி நிரம்பிவிட்டது. மக்கள் போய் இறங்கியது ஓரங்களில்.

மூன்றாவது வழியைப் பலர் கவனிப்பதில்லை. 5,000 பேருக்கு மேல், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், ஆண் தொழிலாளரில் 75 சதவீதம் விவசாயம் அல்லாத வேலை. இந்த மூன்றும் இருந்தால் ஓர் ஊராட்சியைக் கணக்கெடுப்புத் துறை நகரம் என்று எழுதிக்கொள்ளும். உள்ளாட்சி நிர்வாகத்தில் அது ஊராட்சியாகவே தொடரும். இப்படிப்பட்ட ஊர்களில் மூன்று மாடி எழும்பும், பாதாளச் சாக்கடை வராது.

3. எது இழுக்கிறது? இடம் இடமாகப் பாருங்கள்

வேலூரின் அமைப்பைக் காலால் நடந்து புரிந்துகொள்ள வேண்டும். கிழக்கிலும் தெற்கிலும் மலை. வடக்கே பாலாறு. நடுவில் கோட்டை. ஊர் பரவ இடம் இருப்பது பெங்களூரு நெடுஞ்சாலை ஓரமாகக் கிழக்கு மேற்காகவும், பாலம் தாண்டிக் காட்பாடிப் பக்கமும்தான். இந்த வடிவத்துக்குள் ஒவ்வொரு காரணமும் தனித்தனி இடத்தில் வேலை செய்கிறது.

மருத்துவமனை: 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்றைய சி.எம்.சி. எனும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வருகிறார்கள். பாபு ராவ் தெரு, காந்தி ரோடு வழியாக ஒருமுறை நடந்தால் போதும். பலகைகளில் வங்காள எழுத்து, வாசலில் "சமையல் வசதியுடன் ரூம்" என்ற அட்டை, மாடிப்படியடியில் வாடகைக்கு விடும் ஸ்டவ். பழைய வீட்டை இடித்து அதே அளவு மனையில் லாட்ஜ் எழும்பியிருக்கும். வரைபடத்தில் தெரு அப்படியேதான் இருக்கும், உள்ளே இருக்கும் ஆட்கள் பத்து மடங்கு. இப்போது சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் நெடுஞ்சாலையில் இயங்குவதால் அந்தப் பக்கமும் இதே மாற்றம் தொடங்கும் என்று எதிர்பார்த்துத் திட்டமிடுவதுதான் அறிவு.

கல்லூரி: 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி. 2001-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. காட்பாடி, பிரம்மபுரம் பக்கம் தனியார் விடுதி, மெஸ், ஜெராக்ஸ் கடை, ஷேர் ஆட்டோ எல்லாம் அதன் நிழலில் வளர்ந்தவை. மே மாதம் காலி, ஜூலையில் நிரம்பும். மே மாதத்தில் எடுத்த கணக்கை இந்தப் பகுதிக்குப் பயன்படுத்தவே கூடாது.

ரயிலும் சாலையும்: 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. காட்பாடி பின்னர் சந்திப்பானது. ரயிலடி ஆற்றுக்கு வடக்கே, பஜாரும் மருத்துவமனையும் தெற்கே. அதனால் ஊரின் போக்குவரத்து முழுவதும் பாலத்தில் வந்து குவிகிறது. நெடுஞ்சாலையோ சத்துவாச்சாரியை நடுவில் வெட்டிக்கொண்டு போகிறது. வீட்டு வசதி வாரியக் குடியிருப்பும் ஆட்சியர் அலுவலகமும் வந்தபின் அந்தப் பகுதி தனி ஊர் மாதிரி ஆகிவிட்டது.

கோயில்: மலைக்கோடியில் ஸ்ரீபுரம் பொற்கோயில் 2007-இல் திறந்தபின் அரியூர் சாலையில் ஓட்டல், பார்க்கிங், லாட்ஜ் வந்தன. இது விடுமுறை நாள் சுமை. வார நாளில் எண்ணினால் பாதிகூடத் தெரியாது.

இனி, தள்ளுகிற காரணம். பாலாற்றின் மேல்பகுதியில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் தொழிலின் கழிவுநீர் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதி செய்த தீர்ப்பு அது. கிணற்றுநீர் உப்பான குடும்பம் நிலத்தை விட்டு டவுனுக்கு வருகிறது, அல்லது நிலத்தையே மனையாகப் போட்டு விற்கிறது. நகர வளர்ச்சியை ஆராய்பவர் இந்தக் கிராமங்களுக்கும் ஒருநாள் போய்வர வேண்டும். பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் வார்டில் எது முதன்மை என்று அறிய, தெருவுக்குப் பத்து வீடாக முப்பது தெருவில் நான்கே கேள்வி கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம், எதற்காக, சொந்த வீடா வாடகையா. "எதற்காக" என்பதற்கு நீங்களே விடையைத் தட்டில் வைத்து நீட்டாதீர்கள். அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். "பசங்க படிப்புக்கு" என்று சொல்பவரும் "கிணறு வத்திப்போச்சு" என்று சொல்பவரும் ஒரே குடும்பத்தில் இருப்பார்கள். இரண்டையும் எழுதுங்கள்.

4. பட்டியலில் இல்லாதவர்களை எண்ணுங்கள்

கடைசியாக வெளியான கணக்கெடுப்பு 2011-ஆம் ஆண்டினுடையது. இடைப்பட்ட காலத்துக்கு வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை, சொத்துவரி விதிப்பு, மின் இணைப்பு ஆகிய நான்கையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். மாணவரும் நோயாளியின் உறவினரும் முதல் இரண்டில் இருக்க மாட்டார்கள். ஊரைவிட்டுப் போனவர் பல வருஷம் வாக்காளர் பட்டியலிலேயே இருப்பார். ஒரே கட்டடத்தில் ஆறு மின் மீட்டர் இருந்து ஒரே சொத்துவரி எண் இருந்தால், அங்கே வாடகைக் குடித்தனம் அல்லது விடுதி இருக்கிறது என்று பொருள்.

இன்னும் இரண்டு நல்ல தடயங்கள் உண்டு. காலையில் பால் பாக்கெட் இறங்கும் எண்ணிக்கையை முகவரிடம் மாதாமாதம் கேளுங்கள். நுண் உரம் தயாரிக்கும் மையத்தில் உங்கள் வார்டின் மக்கும் குப்பை எடையைக் குறித்து வாங்குங்கள். இவை தலையை எண்ணித் தராது. ஆனால் எந்த மாதம் ஏறுகிறது, எந்த மாதம் இறங்குகிறது என்பதைக் காகிதப் பட்டியலைவிடச் சரியாகக் காட்டும்.

5. ஆளைத் தண்ணீராக மாற்றுங்கள்

பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேட்டு அளவு. ஓட்டலுக்கும் லாட்ஜுக்கும் படுக்கைக்கு 180 லிட்டர், மாணவர் விடுதிக்கு 135, நூறு படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைக்குப் படுக்கைக்கு 450 லிட்டர். இதில் 80 சதவீதம் சாக்கடையில் திரும்பும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

ஒரு மனையைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேர் இருந்த வீட்டுக்கு 5 × 135 = 675 லிட்டர். அதே மனையில் 20 அறை லாட்ஜ், அறைக்கு நோயாளியோடு மூன்று பேர் என்றால் 60 × 180 = 10,800 லிட்டர். பதினாறு மடங்கு. தெருவில் கிடப்பதோ வீடுகளுக்காகப் போட்ட பழைய குழாய். வேகமாக இழுக்கும் மோட்டாரை லாட்ஜ் வைத்தால் கடைக்கோடி வீட்டில் காற்றுதான் வரும். கழிவுநீர் 8,640 லிட்டர் தெருவுக்குள் வர, ஆள்நுழைவுக் குழி பொங்கும். தெருவில் எத்தனை மனை இப்படி மாறியிருக்கிறது என்ற பட்டியல் ஒரு பக்கம் போதும். பொறியாளர் மறுக்க முடியாத ஆதாரம் அதுதான்.

6. நிலத்தையும் ஏரியையும் சேர்த்துப் படியுங்கள்

"நீரில்லா ஆறு" என்று பாலாற்றை வைத்து வேலூரைச் சொல்வார்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் வரத்துக்கால்வாயில் வீடு கட்டினோம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது. ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக வெளியேறிய நீருக்குப் போக வழி இல்லாமல் போனது. ஓட்டேரி, சதுப்பேரி, கழிஞ்சூர், தாராபடவேடு என ஏரிகள் நிறைந்த ஊர் இது. ஓர் ஏரி நிரம்பினால் போக்குக்கால்வாய் வழியாக அடுத்ததற்கு, கடைசியில் ஆற்றுக்கு என்பது பழைய ஏற்பாடு. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அடைபட்டாலும் தண்ணீர் தெருவுக்குத்தான் வரும்.

புது மனைப்பிரிவு எவ்வளவு நீரைக் கூடுதலாக அனுப்புகிறது என்று கணக்குப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். 10 ஏக்கர் என்பது 40,470 சதுர மீட்டர். அதில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 20 லட்சம் லிட்டர். வயலாக இருந்தபோது அதில் கால்பங்கு, அதாவது 5 லட்சம் லிட்டர், வழிந்தோடும் என்று வைத்துக்கொள்வோம். சிமென்ட் சாலையும் கான்கிரீட் கூரையுமாக ஆனபின் முக்கால் பங்கு, 15 லட்சம் லிட்டர். வாய்க்கால் அகலமோ பழையபடி, பல இடத்தில் அதைவிடக் குறைவு. மலையடிவாரத்தில் இது இன்னும் வேகமாக வந்து இறங்கும்.

களத்தில் செய்யும் முறை:

கிராம நிலங்களின் விவரம் இருக்கும் அ-பதிவேட்டில் உங்கள் பகுதியின் சர்வே எண்களை வரிசையாகப் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை என்று எழுதியிருக்கும் எண்களைக் கிராம வரைபடத்தில் நீல நிறத்தில் தீட்டுங்கள். அந்த எண்களுக்குப் புலப்பட (அளவுகளோடு கூடிய நில வரைபடம்) நகல் வாங்கினால் வாய்க்காலின் அகலம் தெரியும். பிறகு டேப்போடு போய் ஒவ்வொரு 50 மீட்டருக்கும் இப்போதைய அகலத்தை அளந்து பக்கத்தில் எழுதுங்கள். பதிவில் 6 மீட்டர், களத்தில் ஒன்றரை மீட்டர் என்று வரும் இடம்தான் உங்கள் அறிக்கையின் இதயம். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, மழை பெய்த மறுநாள் ஒருமுறை போங்கள். சுவரில் நீர் நின்ற கறையின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நகருக்குள் நிக்கல்சன் கால்வாய்க்கும் இதே முறைதான்.

இங்கே நடக்கும் தவறு ஒன்று: வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுத்து நிறுத்திவிடுகிறோம். தூர்வாரினாலும் மேலே ஒரு தரைப்பாலத்தின் குழாய் 60 சென்டிமீட்டராக இருந்தால் நீர் அந்த அளவுக்குத்தான் போகும். பாலம், குழாய், வளைவு எல்லாவற்றையும் அளந்து, மிகக் குறுகிய இடத்தை முதலில் சரிசெய்யக் கேளுங்கள்.

மனைப்பிரிவுகளைப் பொறுத்தவரை, அனுமதி பெற்றதா என்பதை முதலில் பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதி கொண்டுவந்தது. வரன்முறை மனைக்குச் சட்டத் தகுதி தரும், குறுகிய தெருவை அகலமாக்காது. அனுமதி பெற்ற பெரிய மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட வேண்டும். உதாரணமாக 5 ஏக்கர் மனைப்பிரிவு 20,234 சதுர மீட்டர். சாலை 30 சதவீதம் போனால் மீதி 14,164. அதில் பூங்காவுக்கு 1,416 சதுர மீட்டர் கிடைக்க வேண்டும். அந்த இடம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் பாருங்கள். பத்திரம் இல்லாமல் விளம்பரத்தில் மட்டும் இருந்த பூங்கா பிறகு கடை மனையாக விற்கப்படுவது உண்டு.

7. சாலையை எண்ணுங்கள்

காலை 8 முதல் 10, மாலை 4 முதல் 7. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டமாக, ஒருவர் ஒரு திசை மட்டும். பஸ்ஸும் லாரியும் மூன்று கார், ஆட்டோ ஒரு கார், இரு சக்கர வண்டி அரைக் கார் என்று மாற்றிக் கூட்டுங்கள். செவ்வாய், புதன், ஞாயிறு என மூன்று நாளாவது எடுங்கள். நடப்பவர்களையும் எண்ணுங்கள். மருத்துவமனைப் பக்கம் அவர்களே அதிகம், எந்த அறிக்கையிலும் அவர்கள் வருவதில்லை.

8. இருபது வருஷம் முன்னால் பாருங்கள்

6,000 பேர் உள்ள வார்டு வருஷத்துக்கு 2 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டில் சுமார் 8,900. 4 சதவீதம் என்றால் 13,100-ஐத் தாண்டும். மாநகராட்சி முழுவதற்கும் ஒரே சதவீதத்தைப் போடுவதுதான் வழக்கமான பிழை. கொசப்பேட்டைக்கும் பிரம்மபுரத்துக்கும் ஒரே வேகம் இருக்க முடியாது. மூன்றாம் படியில் கண்ட காரணத்தின்படி நிரந்தரக் குடி, மாணவர், தங்கிப் போகிறவர் என்று மூன்று வரிசையாகப் பிரித்துத் தனித்தனி வேகம் கொடுங்கள். கல்லூரியின் சேர்க்கை ஒருநாள் மேலும் கூடாமல் நின்றுவிடும், குடும்பங்கள் வருவது நிற்காது. குறைந்தது, நடுத்தரம், அதிகம் என மூன்று எண்களாகத் தாருங்கள். குழாயை அதிக எண்ணுக்கும், நீரேற்று மோட்டாரை நடுத்தர எண்ணுக்கும் வடிவமைக்கலாம். மோட்டாரை பத்து வருஷத்தில் மாற்ற முடியும், மண்ணுக்குள் போன குழாயை மாற்றுவது பெரும்பாடு.

9. திட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள்

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் கீழ் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியாகும்போது, பொதுமக்கள் எழுத்துமூலம் ஆட்சேபமும் யோசனையும் தரக் குறைந்தது இரண்டு மாதம் தரப்பட வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் அளக்கத் தொடங்கினால் முடிக்க முடியாது. கணக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

வரைவு வந்ததும் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் உங்கள் நீலக் கோடுகளைத் தேடுங்கள். வாய்க்கால் குடியிருப்பு நிறத்தில் இருக்கிறதா? ஏரியின் நீர்பரவல் பகுதி தொழிற்பகுதி என்று குறித்திருக்கிறதா? லாட்ஜ் நிறைந்த தெரு இன்னும் சாதாரணக் குடியிருப்பு என்றே இருக்கிறதா? ஒரு தவறுக்கு ஒரு தாள் என்று எழுதுங்கள். சர்வே எண், வரைவில் உள்ளது, களத்தில் உள்ளது, உங்கள் அளவு, கேட்கும் மாற்றம், தேதியோடு படம். பத்துக் கோரிக்கையை ஒரே மனுவில் அடைத்தால் பதிலும் ஒரே வரியில்தான் வரும்.

வரைவு வராத காலத்தில் ஏரியா சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அங்கே உங்கள் கணக்கு நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். வாய்ப்பேச்சாகப் போய்விடக் கூடாது. மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில், "இந்தத் தேதியிட்ட மனுவின் மீது எடுத்த நடவடிக்கையின் கோப்பு நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள், ஆவண நகலாகவே கேளுங்கள்.

எண்ணிய நோட்டு, அளந்த வரைபடம், மனு நகல் மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து, சங்கத்தில் இருவரிடம் நகல் இருக்கச் செய்யுங்கள். வாய்க்கால் அகலத்தை ஒவ்வொரு செப்டம்பரிலும், விடுதிப் பகுதித் தலைக்கணக்கை ஒவ்வொரு ஆகஸ்டிலும் மறுபடி எடுத்து அதே தாளில் அடுத்த நிரலில் எழுதிவாருங்கள்.